விரலை இழுக்காதீர்கள், முதலில் முழங்காலை மடக்குங்கள்

எம்.எஸ். உள்ளவருக்கு நடுராத்திரியில் பாதம் இழுத்துக்கொண்டால், வீட்டில் இருப்பவர்கள் பதறி எழுந்து முதலில் செய்வது சுருண்ட விரல்களைப் பிடித்து நிமிர்த்தப் பார்ப்பதுதான். பாசத்தில் செய்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் செய்யவே கூடாத காரியம் அது. நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பலர் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், "பிடிச்சு இழுத்தா இன்னும் மோசமாகுது மேடம்" என்று. அவர்கள் சொல்வது சரிதான். ஏன் மோசமாகிறது என்று புரிந்துகொண்டால், செய்ய வேண்டியதில் பாதி தானாக விளங்கிவிடும்.

எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்குகிறது. மயலின் என்னும் அந்த உறை சிதைந்த இடத்தில் செய்தி தாமதமாகும், அல்லது நின்றுபோகும். தசைக்குள் அதன் நீளத்தை அளந்துகொண்டே இருக்கும் நுண்ணிய உணர்விகள் உண்டு. தசை சட்டென்று நீண்டால் அவை தண்டுவடத்துக்குத் தகவல் சொல்லும். தண்டுவடம் உடனே அந்தத் தசையைச் சுருங்க வைக்கும். டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் உதறுவது இப்படித்தான். மற்ற நேரங்களில் இந்தச் சுருக்கம் அளவுக்கு மீறாமல் மூளை அடக்கி வைத்திருக்கும். எம்.எஸ்.ஸில் மேலிருந்து இறங்கும் அந்தக் கட்டளை வழியிலேயே தேய்ந்துபோவதால், தண்டுவடம் தன் போக்கில் நடந்துகொள்கிறது. வேகமாக இழுத்தால் தசை அதைவிட பலமாகத் திருப்பி இழுக்கும். மெதுவாக நகர்த்தினால் அதே தசை பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

ஆகவே இது சாதாரணக் குரக்குவலி அல்ல. கோளாறு தசையில் இல்லை, அதை ஆளும் கட்டளையில் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் சொல்லும் வாழைப்பழமும் உப்புக்கரைசலும் இதற்குப் பெரிதாக உதவாது. வாழைப்பழம் சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை; மலச்சிக்கலுக்காவது ஆகும். அந்த மலச்சிக்கலுக்கும் கால் இழுப்புக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இழுத்துக்கொண்டிருக்கும்போது

நான்கு விரல்களும் உள்ளங்காலை நோக்கிச் சுருண்டு, நகம் சதையில் பதியும் இழுப்பைத்தான் அதிகம் பார்க்கிறேன். இதற்கான வரிசை இது.

படுத்திருந்தால் முதலில் முழங்காலை மடக்கி, அடியில் ஒரு தலையணையைக் கொடுங்கள். உட்கார முடிந்தால் கட்டிலின் ஓரத்தில் உட்காருவது இன்னும் நல்லது. அடுத்து பாதத்தைக் கீழ்நோக்கித் தொங்க விடுங்கள். இங்கேதான் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பாதத்தை மேலே மடக்கிக்கொண்டே விரல்களைப் பிரிக்கப் பார்க்கிறார்கள். விரல்களை மடக்கும் நீளமான தசைகள் பாதத்தில் இல்லை, கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கின்றன. அவற்றின் நார்கள் உட்கணுக்காலுக்குப் பின்புறமாக வளைந்து, உள்ளங்கால் வழியாக விரல் நுனிவரை ஓடுகின்றன. கணுக்கால் மேலே மடங்கினால் அந்த நார் இறுகும், விரல் மேலும் சுருளும். கணுக்கால் கீழே இறங்கினால் நாருக்குத் தளர்வு கிடைக்கும். சந்தேகம் இருந்தால் உங்கள் கையிலேயே பாருங்கள். விரல்களைத் தளர விட்டு மணிக்கட்டைப் பின்னால் மடக்குங்கள், விரல்கள் தாமாக உள்ளே சுருளும். மணிக்கட்டை முன்னால் தொங்க விடுங்கள், விரிந்துவிடும்.

பாதம் தொங்கிய நிலையில், உதவி செய்பவர் ஒரு கையால் குதிகாலைத் தாங்கிக்கொள்ள வேண்டும். மறு கையின் விரல்களை, சுருண்ட கால்விரல்களின் அடிப்பாகத்துக்குக் கீழே, நான்குக்கும் சேர்த்து நுழைக்க வேண்டும். நுனியைப் பிடித்துத் தூக்கக்கூடாது. நுனியில் இழுத்தால் சின்ன மூட்டுகள் வலிக்கும், அந்த வலியே அடுத்த இழுப்பைக் கூப்பிடும். மெல்ல உயர்த்துங்கள். ஓரிடத்தில் தசை தடுக்கும். அங்கே நின்றுவிடுங்கள். அழுத்தவும் வேண்டாம், விடவும் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் உங்கள் கைக்கே தெரியும், தடுப்பு இளகும். இளகிய அளவுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். விரல்கள் நிமிர்ந்த பிறகு, அவற்றை அப்படியே பிடித்துக்கொண்டு, பாதத்தை மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அந்த நிலையில் வைத்திருந்து, வந்த வேகத்திலேயே கீழே இறக்குங்கள்.

எம்.எஸ். உள்ள ஒரு தாய்க்கு அவருடைய பள்ளிக்கூடத்துப் பையன்தான் இதைச் செய்வான். முதலில் அவனும் மற்றவர்களைப் போலத்தான், ஓடிவந்து விரலைப் பிடிப்பான். ஒருநாள் என் எதிரிலேயே இழுத்துக்கொண்டது.

"விரலைத் தொடாதடா, முதல்ல முட்டிய மடக்கு."

"சரிம்மா. நீ காலைத் தொங்க விடு, நான் இழுக்க மாட்டேன்."

முப்பது எண்ணச் சொன்னால் ஓட்டமாக எண்ணிவிடுகிறான் என்பதால், ஏழாம் வாய்ப்பாட்டை நிறுத்தி நிதானமாகச் சொல்லும்படி அவன் அம்மா ஏற்பாடு செய்திருந்தார். வாய்ப்பாடு முடிவதற்குள் விரல்கள் விரிந்தன. இதைவிட நல்ல கடிகாரம் எனக்குத் தெரியவில்லை.

தனியாக இருப்பவர்களுக்கும் வழி உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வைத்துச் சற்று முன்னால் தள்ளுங்கள், கணுக்கால் தளரும். சுருட்டிய கைத்துண்டு ஒன்றை விரல்களுக்கு அடியில் நுழைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் துண்டின் மேல் படிந்ததும், துண்டோடு பாதத்தை மெதுவாக முழங்காலுக்கு நேர் கீழே இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முழங்கைகளையும் தொடைமேல் ஊன்றி முன்னால் சாய்ந்தால் உடம்பின் எடை குதிகாலில் இறங்கும். நீங்கள் பாதத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை, எடை பார்த்துக்கொள்ளும்.

இதற்கிடையில் உள்ளங்காலைத் தேய்க்காதீர்கள். உள்ளங்காலின் வெளி ஓரத்தைக் கீறினால் கட்டைவிரல் மேலே எழும்புவது மூளையிலிருந்து இறங்கும் பாதை பழுதாகியிருப்பதன் அடையாளம் என்று 1896இல் பாரிஸில் ஜோசஃப் பாபின்ஸ்கி எழுதினார். டாக்டர்கள் இன்றும் சாவியாலோ சுத்தியலின் கைப்பிடியாலோ அதைத்தான் சோதிக்கிறார்கள். டாக்டர் வேண்டுமென்றே செய்து பார்க்கும் அதே கீறலை, பரபரவென்று தேய்த்துவிடும் கை தெரியாமல் செய்துவிடுகிறது. தொட வேண்டுமானால் முழு உள்ளங்கையால், அழுத்தமாக, அசைக்காமல் பிடியுங்கள்.

கட்டைவிரல் மட்டும் கூரையைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறதா? அதைக் கீழே அமுக்கி மடக்க வேண்டாம். எம்.எஸ். பாதத்தில் விரல்களைப் பலவந்தமாகக் கீழே மடக்கினால் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் சேர்ந்து மடங்கி, கால் முழுவதும் வயிற்றை நோக்கிச் சுருட்டிக்கொள்ளக்கூடும். கட்டைவிரலின் அடி மூட்டின் மேல் உங்கள் கைப் பெருவிரலை வைத்து இலேசாகப் பிடித்தபடி காத்திருந்தால் போதும்.

கால் முழுவதும் கட்டைபோல நீட்டி விறைத்துக்கொண்டால், பாதத்தை விட்டுவிடுங்கள். முழங்காலுக்கு அடியில் கை கொடுத்து, இடுப்பும் முழங்காலும் மடங்கும்படி தூக்குங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்தாலும் விறைப்பு உடையும். சக்கர நாற்காலியில் இந்த இழுப்பு வருபவர்கள் முன்னால் வழுக்கி விழக்கூடும் என்பதால் இடுப்புப் பட்டை அவசியம்.

இன்னொன்று, குதிகால் தடதடவென்று துள்ளுவது. ஆட்டோவிலோ சக்கர நாற்காலியின் மிதியிலோ முன்பாதம் மட்டும் பட்டுக்கொண்டிருந்தால் இது தொடங்கும். குதிகாலை முழுவதும் தரையில் படியவைத்து, முழங்காலின் மேல் கையை ஊன்றி நேராகக் கீழே அழுத்துங்கள். பார்க்கிறவர்கள் வலிப்பு வந்துவிட்டதாகப் பயப்படுவார்கள். நினைவு தவறாது, ஆபத்தும் இல்லை.

அடங்கிய பிறகு விளக்கைப் போடுங்கள்

இழுப்பு அடங்கியதும் திரும்பிப் படுத்துவிடுவது இயல்பு. ஆனால் என் அனுபவத்தில் இதற்குப் பிறகு செய்யும் ஐந்து நிமிட வேலைதான் மறுநாள் இரவைத் தீர்மானிக்கிறது. தண்டுவடத்தில் பழுதான இடத்துக்குக் கீழே உடம்பில் எங்கே உறுத்தல் இருந்தாலும், அது வலியாக உணரப்படாமல் கால் இழுப்பாக வெளிப்படலாம். பாதம் மரத்திருப்பவர்களுக்கு அநேகமாக இது ஒன்றுதான் அறிகுறி. ஆகவே விளக்கைப் போட்டு, பாதத்திலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள்.

நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா, விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா, எறும்பு கடித்திருக்கிறதா, சாக்ஸின் தையல் விரல்மேல் அழுந்துகிறதா, குதிகாலில் சிவந்த வட்டம் தெரிகிறதா? கொலுசு கணுக்காலில் தடம் பதித்திருக்கிறதா? நம் பெண்களுக்கு மெட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதிகம் நடக்காத கால் மாலையில் வீங்கும். வீங்கிய விரல் சுருளும்போது, வெள்ளி வளையத்தின் கீழ் விளிம்பு விரலின் அடிச்சதையில் போய்க் குத்தும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது; மெட்டியைச் சுழற்றி விரலைத் தூக்கிப் பார்த்தால் கோடு போலச் சிவந்திருக்கும். இரவில் கழற்றி வைத்துவிடுவதே நல்லது. மாமியார் என்ன நினைப்பாரோ என்று தயங்குபவர்களிடம், டாக்டர் சொன்னார் என்று என் பெயரில் ஒரு பொய்யைச் சொல்லிக்கொள்ளுங்கள் என்பேன்.

பாதத்தில் ஒன்றும் இல்லையென்றால் மேலே வாருங்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கால் இழுக்கும். சிறுநீர் கழித்துவிட்டு வந்ததும் இழுப்பு நின்றுவிட்டது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். குழாய் போட்டிருப்பவர்களுக்கு அது எங்காவது மடங்கியிருக்கிறதா, பையின் பட்டை தொடையில் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலம் கட்டியிருந்தாலும் அப்படியே. அடிக்கடி எழுந்து போக முடியாது என்பதற்காகத் தண்ணீரையே குறைத்துவிடும் பழக்கம் நம் வீடுகளில், அதிலும் பெண்களிடம், மிக அதிகம். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், சிறுநீரில் தொற்று வரும், இரண்டும் சேர்ந்து இரவில் காலை இழுக்கும். பாத்ரூமுக்குப் போகப் பயந்து குடிக்காமல் விட்டது பாதத்தில் வந்து நிற்கும் என்று யாருக்குத் தோன்றும்?

சிறுநீர்த் தொற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எரிச்சல் இல்லாமலே தொற்று இருக்கலாம்; நாற்றம், கலங்கல், திடீரென்று கூடிய இழுப்பு, இவை மட்டுமே துப்பாக இருக்கும். பரிசோதனைக்குக் கொடுக்காமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. இழுப்புக்காக டிசானிடின் சாப்பிடுபவர்கள் அதைச் செய்யவே கூடாது. கல்லீரலில் டிசானிடினைச் சிதைக்கும் நொதியை சிப்ரோஃப்ளாக்சசின் முடக்கிவிடும். டிசானிடினின் அளவு இரத்தத்தில் பல மடங்கு ஏறி, இரத்த அழுத்தம் சரிந்து, எழுந்திருக்க முடியாத மயக்கம் வரும். எந்த டாக்டரிடம் போனாலும் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

காய்ச்சல், வெயில், உடம்புச் சூடு ஆகியவையும் இந்தத் தேடலில் சேர்பவை. மேலுறை இழந்த நரம்பிழைக்கு உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே செய்தி கடத்துவது சிரமம். சித்திரை, வைகாசியில் மின்தடை ஏற்பட்ட மதியங்களில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் வேறு மாதங்களில் வருவதில்லை. நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்திலும் முன்கைகளிலும் போடுங்கள். பாதத்தில் மட்டும் ஐஸையோ குளிர்ந்த நீரையோ சட்டென்று வைக்க வேண்டாம், சில்லென்ற தொடுதலே இழுப்பைக் கிளப்பும்.

தினமும் செய்வது

நீட்டல் பயிற்சியால் இறுக்கம் நிரந்தரமாகப் போய்விடும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. சில மணி நேரத்துக்கு இதம் கிடைக்கும். மூட்டு ஒரே கோணத்தில் உறைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளலாம். அதுவே பெரிய விஷயம். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை.

நீளமான பருத்தித் துண்டு ஒன்றை முன்பாதத்தில், விரல்களின் அடிப்பாகத்தையும் சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனைகளையும் பிடித்து, முழங்கால் நேராக இருக்கும்படி மெதுவாக உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். கெண்டைக்காலின் மேல் தசைக்கு இது. அதையே முழங்காலைச் சற்று மடக்கி, அடியில் தலையணை வைத்துச் செய்தால் ஆழத்தில் உள்ள தசைக்குப் போகும். இரண்டும் வேண்டும். ஒவ்வொன்றையும் அரை நிமிடத்துக்குக் குறையாமல் பிடித்திருந்து, சில முறை செய்யுங்கள். நிற்க முடிந்தவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயலாம். துள்ளித் துள்ளி இழுப்பது மட்டும் கூடாது.

ஒத்தடம், எண்ணெய், சுளுக்கு எடுப்பது பற்றியெல்லாம் கேட்பார்கள். வெதுவெதுப்பான நல்லெண்ணெயைத் தடவிக் கெண்டைக்காலை மேலிருந்து கீழாக மெல்ல நீவிவிடுவதில் தவறில்லை. சுளுக்கு எடுப்பவரிடம் போய் வெடுக்கென்று சொடக்கு எடுக்கக் காலைக் கொடுக்காதீர்கள், காரணத்தை முன்பே சொல்லிவிட்டேன். வெந்நீர் ஒத்தடத்தில் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகே கண்ணில் படும். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வேறொருவர் முழங்கையால் சூட்டைப் பார்த்துச் சொல்லட்டும்.

விரல்களுக்கு நடுவே சுருட்டிய பருத்தித் துணி வைக்கலாம். நகப்பூச்சு போடும்போது விரல்களைப் பிரிக்க விற்கிறார்களே, அந்த மலிவான ஸ்பாஞ்சு இதற்கு அருமையாகப் பொருந்துகிறது. அரை மணி நேரம் வைத்து எடுத்துவிட்டுத் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் நேரத்தைக் கூட்டலாம்.

செருப்பு விஷயத்தில் நான் கறார். ஹவாய் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க, ஒவ்வொரு அடியிலும் விரல்கள் அதைக் கவ்விப்பிடிக்க வேண்டும். சுருளத் துடிக்கும் விரல்களுக்கு நாள் முழுக்கச் சுருளும் பயிற்சி கொடுத்ததுபோல் ஆகும். போதாததற்கு, மரத்த கால் என்றால் செருப்பு எப்போது கழன்றது என்பதே தெரியாமல் வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் நடந்துவிடுவார்கள். குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள, முன்பக்கம் அகலமான, ஒட்டும் பட்டை வைத்த செருப்பாகப் பாருங்கள். கட்டைவிரல் மேலே எழும்புகிறவர்களுக்கு மேல் இடம் தாராளமான ஷூ வேண்டும், இல்லையென்றால் நகம் கறுத்துவிடும். வீட்டுக்குள்ளும் வெறும் காலோடு நடக்காமல் இருப்பது நல்லது. பாதம் தொங்குபவர்களுக்குக் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை தேவையா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

இரவுக்கு இரண்டே ஏற்பாடு. போர்வை விரல்களை அழுத்தாதபடி கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டைப்பெட்டியை நிறுத்தி அதன்மேல் போர்வையைப் போடுங்கள். மல்லாந்து காலை நீட்டிப் படுப்பதைவிட, முழங்கால் மடங்கியபடி ஒருக்களித்து, இரு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்துப் படுங்கள்.

மாத்திரைகள்

பலருக்கும் முதலில் எழுதித்தருவது பாக்லோஃபென். 1960களில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் வலிப்பு நோய்க்காக உருவாக்கிய மருந்து. வலிப்புக்குப் பெரிதாக உதவவில்லை, தசை இறுக்கத்துக்கு உதவியது. 5 மி.கி. போன்ற சின்ன அளவில் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை டாக்டர் கூட்டிக்கொண்டு போவார். பொதுவாக நாளொன்றுக்கு 80 மி.கி.யைத் தாண்டுவதில்லை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இன்னும் குறைவு. டிசானிடின் இன்னொன்று, வாய் உலரும், இரத்த அழுத்தம் குறையும், கல்லீரல் பரிசோதனையை அவ்வப்போது பார்க்க வேண்டும். கேபாபென்டினும் கொடுப்பதுண்டு. மூன்றுமே தூக்கத்தைக் கொடுக்கும். தொல்லை இரவில்தான் என்றால் பெரிய அளவை இரவுக்கு ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள்.

இதில் பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. கால் இறுக்கம் முழுக்கவும் எதிரி அல்ல. தொடைத் தசை பலவீனமானவர்கள் பலர் அந்த விறைப்பை நம்பித்தான் எழுந்து நிற்கிறார்கள், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறார்கள். மாத்திரை கூடியதும் "வலி போச்சு, ஆனா கால் துவளுது" என்று வந்து நிற்பார்கள். வலி போனதற்காக டாக்டர் மகிழ்வார், பாத்ரூமில் விழுந்தது அவருக்குத் தெரியாது. ஆகவே அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும் இழுப்பு எத்தனை என்பதோடு, எழுந்து நிற்க முடிகிறதா என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எனக்கு எப்போதும் இழுப்பு அறவே இல்லாத காலைவிட, எழுந்து நிற்க உதவுகிற கால்தான் மேல்.

விரல் மட்டுமே தொல்லை, மற்ற இடம் பரவாயில்லை என்றால், உடம்பு முழுவதையும் தளர்த்தும் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. விரலை மடக்கும் அந்த ஆழமான தசைகளிலேயே பொட்டுலினம் டாக்சின் ஊசி போடலாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சரியான தசையில் போடுவார்கள். சில நாட்களில் தளரத் தொடங்கி, ஏறத்தாழ மூன்று மாதம் நிற்கும். விலை அதிகம். தளர்ந்திருக்கும் அந்த மாதங்களில் நீட்டல் பயிற்சியை விட்டுவிட்டால் கொடுத்த பணம் பாதி வீண்.

எல்லா இழுப்பும் இந்தக் கணக்கில் வராது. சில விநாடிகள் முதல் இரண்டு நிமிடம் வரை, ஒருநாளில் பலமுறை, ஒரே மாதிரியாக, கடும் வலியோடு வந்து போகும் ஒரு வகை உண்டு. நடக்கத் தொடங்கியதும் அல்லது திரும்பியதும் வரும். அதற்குக் கார்பமசெபின் போன்ற மருந்து சிறிய அளவிலேயே நன்றாகக் கேட்கும். டாக்டர் எதிரில் அது வராது என்பதால், போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு காட்டுங்கள். புதிதாகத் தொடங்கிய இழுப்போ பலவீனமோ, காய்ச்சலும் தொற்றும் இல்லாமல் ஒருநாளைத் தாண்டி நீடித்தால், நோயே மீண்டும் கிளம்பியிருக்கலாம். நரம்பியல் டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால் நீவிவிடவே கூடாது. இரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக, பாக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். இழுப்பு பல மடங்காகத் திரும்புவதோடு, வலிப்பும் மனக்குழப்பமும் இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவதும் வரக்கூடும். பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று நிறுத்துவதில்லை. ஊருக்குப் போகும்போது மறந்துவிடுவார்கள். திருவிழாவில் கடை மூடியிருக்கும். வேறு ஏதோ அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேரும்போது, வெறும் வயிறு என்று எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரையை எப்போதும் கைப்பையில் தனியாக வைத்திருங்கள். அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம், முதல் நாளே, மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுத்து, அன்று காலை எத்தனை மணிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.